கோம்பியைத் தாழ்த்துவது: வீட்டு முற்றத்தில் முடியுமா?

மார்ச் 12, 2023

டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ் தம்பி ஒருவர் கேட்டது: "அண்ணா, என்னிடம் 1974 பே கோம்பி (முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்த ஃபோக்ஸ்வாகன் வேன்) இருக்கிறது. முன்னும் பின்னும் பத்து சென்டிமீட்டர் இறக்க ஆசை. முன்பக்கக் குழாய்க்குள் இருக்கும் இரும்புப் பட்டைகளில் பாதியை உருவிவிட்டால் தானாக இறங்கிவிடும், பின்பக்க ஸ்பிரிங் தண்டை ஒரு பல் திருப்பினால் போதும், ஒரு சனிக்கிழமை வேலைதான் என்று நண்பன் சொல்கிறான். வீட்டு முற்றத்திலேயே செய்யலாமா?"

முற்றத்தில் செய்யலாம். பட்டைகளை மட்டும் உருவாதே.

இந்த வண்டிக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழாய். அதைத்தான் பீம் என்கிறோம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு கட்டு எஃகுப் பட்டை. கட்டின் நடுப்பகுதி குழாயின் மையத்தில் ஒரு திருகால் பிடிக்கப்பட்டிருக்கும், இரு முனையிலும் சக்கரத்தைத் தாங்கும் கைகள். சக்கரம் மேட்டில் ஏறும்போது கை மேலே போகும், பட்டைக்கட்டு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு திரும்பி அவிழ்வதுதான் உன் ஸ்பிரிங்.

பாதிப் பட்டையை எடுத்தால் வண்டி இறங்கும், உண்மைதான். ஆனால் ஏன் இறங்குகிறது? ஸ்பிரிங் பலம் குறைந்து, வண்டியின் எடையைத் தாங்க முடியாமல் இறங்குகிறது. சக்கரம் மேலே போக மிச்சமிருக்கும் தூரமும் குறைந்துவிட்டது, அந்தத் தூரத்தில் அதைத் தடுக்க வேண்டிய பலமும் குறைந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் போகின்றன. ஃபீனிக்ஸில் தெருவுக்கு நாலு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் கை போய் ரப்பர் தடையில் மோதும். அந்த அடி பீமில் ஷாக் (குலுக்கலைத் தணிக்கும் உருளை) மாட்டியிருக்கும் கொம்புக்குப் போகும். அங்கேதான் பிறகு விரிசல் விழும்.

பட்டையைச் சூடுகாட்டி வளைக்கலாம் என்று அடுத்து ஒருவன் வந்து சொல்லுவான். வேண்டவே வேண்டாம். எஃகின் பதம் போய்விடும், அப்புறம் அது ஸ்பிரிங் இல்லை, வெறும் இரும்பு.

மார்ச் 14

முந்தாநாள் எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் எப்படித்தான் இறக்குவது" என்று சிலர் கேட்டார்கள். முன்பக்கத்துக்கு முறையான வழி இரண்டு.

ஒன்று, அட்ஜஸ்டர். பீம் குழாயின் நடுவை வெட்டி எடுத்து, பட்டைக்கட்டைப் பிடிக்கும் மையத்தைத் திருப்பக்கூடிய ஒரு துண்டைப் பற்றவைப்பது. மையம் திரும்பினால் இரண்டு கைகளும் சேர்ந்து திரும்பும், வண்டி இறங்கும். ஸ்பிரிங் பலம் அப்படியே இருக்கும். ஆனால் சக்கரம் மேலே போகும் தூரம், எவ்வளவு இறக்கினாயோ அவ்வளவு குறையும்.

இரண்டு, டிராப் ஸ்பிண்டில். சக்கரம் சுழலும் அச்சுமுளை வழக்கமான இடத்தைவிடச் சுமார் 6 செ.மீ. மேலே அமைந்த நக்கிள், அதாவது கைகளின் நுனியில் சக்கரத்தைத் தாங்கும் துண்டு. கை அசையாது, பட்டைக்கட்டு அசையாது, சக்கரம் மட்டும் உடலுக்குள் ஏறி உட்காரும். ஸ்பிரிங் பலமும் மிச்சம், ஆட்டமும் (சக்கரம் மேலே போகும் தூரமும்) மிச்சம். விலைதான் கையைக் கடிக்கும். டிரம் பிரேக்குக்கு ஒன்று, டிஸ்க்குக்கு வேறொன்று. வாங்குமுன் உன் வண்டியில் எது என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்.

இது பே வண்டிக்கு. 1967 வரை வந்த ஸ்பிளிட் (முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த) வண்டிக்கு முன்பக்கம் கிங் பின், பின்பக்கம் ஊஞ்சல் அச்சு, அதன் நுனியில் குறைப்புப் பல்சக்கரப் பெட்டி. அது தனிக் கதை. அதை இறக்கினால் பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும். பே வண்டியில் பின்பக்கம் இரட்டை மூட்டு அச்சு வந்துவிட்டதால் சாய்வு அவ்வளவு மோசமாகாது. 1974 வைத்திருக்கும் தம்பிக்கு அதிர்ஷ்டம்.

மார்ச் 19

எதையும் வாங்குமுன் பீம் நன்றாக இருக்கிறதா என்று பார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பலருக்குக் காசு மிச்சமாகியிருக்கும்.

நான் டர்பன் கடலோரம் மெர்பேங்கில் இருக்கிறேன். கடல் காற்று இரும்பைத் தின்னும். யுட்டன்ஹேகில், இப்போது கரியேகா என்கிறார்கள், செய்து இறங்கிய வண்டி உள்நாட்டில் ஓடியிருந்தால் ஐம்பது வருடம் கழித்தும் பீம் சுத்தமாக இருக்கும். டர்பன் கடலோரத்தில் ஓடியது என்றால் நம்ப முடியாது. கீழ்க்குழாயின் அடிப்பக்கம், ஷாக் கொம்பு குழாயோடு சேரும் மூலை, இரு பக்கத் தகடுகள், இந்த மூன்று இடம். மேலே கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருக்கும், நம்பாதே. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. நல்ல குழாய் 'டிங்' என்று சொல்லும். அழுகிய இடம் 'தொப்' என்று சொல்லும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் பெயின்ட் தோல் உரிந்து உள்ளே செம்மண் மாதிரி துரு கொட்டும். அந்தப் பீமில் அட்ஜஸ்டர் பற்றவைப்பது வீண். வேறு பீம் தேடு.

குழாய் முனைகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தாய்? முன்சக்கரம் தரையில் இருக்கும்போது அடித்தால் கிரீஸ் சரியாக உள்ளே போகாது, சக்கரம் தொங்கும்படி தூக்கிவிட்டு அடிக்க வேண்டும். வருடக்கணக்கில் அடிக்காத பீமில் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் அரைபட்டிருக்கும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு, அதைத் தாங்கும் கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். லொடலொட என்றால் பேரிங் போச்சு.

மார்ச் 20

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கீழ்க்குழாய் சுத்தம். இடதுபக்க ஷாக் கொம்பில் மேலோட்டமான துரு, கம்பி பிரஷ்ஷில் போய்விடும். வண்டி உள்நாட்டில், ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் இருந்து வந்ததாம், அதான்.

மார்ச் 26

இந்த இழையில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான், அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எல்லோரும் உயரத்தை அளக்கிறார்கள். ஆட்டத்தை அளக்க வேண்டும்.

ஆட்டம் என்றால் சக்கரம் மேலே போக மிச்சமிருக்கும் தூரம். எப்படி அளப்பது? சமதளத்தில் வண்டியை நிறுத்து. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு சக்கரத்துக்கும் அளந்து எழுதிக்கொள். அப்புறம் முன்பக்கம், கை மோதும் ரப்பர் தடைக்கும் கைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார். பின்பக்கமும் அப்படியே. ஷாக் தண்டில் வெளியே தெரியும் நீளத்தையும் குறித்துக்கொள். ஷாக்தான் சில நேரம் ரப்பருக்கு முன்னால் அடி தட்டும்.

இப்போது வீட்டில் இருக்கிற எல்லோரையும் வண்டியில் ஏற்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாமா, அத்தை, பிள்ளைகள், பின்னால் குளிர்பெட்டி, பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பு, எல்லாம். மறுபடி அள. ஆள் ஏறியதும் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அதுபோக என்ன மிச்சம் இருக்கிறதோ அதில்தான் நீ உன் ஆசைக்கு எடுத்துக்கொள்ள முடியும்.

கோம்பி ஆள் ஏற்றப் பிறந்த வண்டி. ஒருவர் மட்டும் ஓட்டும்போது அழகாக இருந்து, ஆறு பேர் ஏறினால் டயர் மட்கார்டில் உரசுகிறது என்றால், அந்த வண்டியை நான் தாழ்த்திய வண்டி என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 9

புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போயிருந்தேன். கூட்டம் சொல்லி மாளாது. வண்டி நிறுத்த இடம் தேடி நடந்தபோது வழியெல்லாம் கோம்பிகள்தான் கண்ணில் பட்டன. ஒரு வெள்ளை ஸ்பிளிட், கிரீம் நிறக் கூரை, அப்படியே தொழிற்சாலை உயரம். அதற்குப் பக்கத்தில் நன்றாகத் தாழ்த்திய ஆரஞ்சு பே. குனிந்து பார்த்தேன். முன் டயரின் உள் ஓரம் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளி ஓரத்தில் பூ அப்படியே இருந்தது. தாழ்த்தியவர் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கவில்லை. அம்மனைப் பார்த்துவிட்டு வந்து அவருக்காகக் காத்திருந்து சொன்னேன். கோபப்படவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் அப்பாவும் இந்த மாதிரி ஒரு பே வைத்திருந்தார். கொத்தமல்லி, கத்திரிக்காய், முருங்கைக்கீரை ஏற்றிக்கொண்டு இருட்டோடு வார்விக் அவென்யூ எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குப் போவார். சரக்கு ஏறிய வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுவது போல இருக்கும், ஆனாலும் குழியில் இறங்கினால் அடி தட்டாது. ஸ்பிரிங்கின் பலம் என்றால் என்ன என்று நான் அங்கேதான் பார்த்தேன். அதனால்தான் யாராவது பட்டையை உருவுகிறேன் என்றால் எனக்குப் பொறுக்காது.

ஏப்ரல் 16

தம்பிக்கு: நீ அனுப்பிய அளவுகளைப் பார்த்தேன். ஆள் ஏறியதும் முன்பக்கம் அதிகம் இறங்கவில்லை, பின்பக்கம்தான் நன்றாக இறங்குகிறது. அதனால் என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். மார்ச் 14 அன்று இரண்டு வழியையும் சமமாக வைத்து எழுதியிருந்தேன். உனக்கு டிராப் ஸ்பிண்டில் மட்டும் போதும். 6 செ.மீ. இறங்கும், வெட்டல் இல்லை, பற்றவைப்பு இல்லை. வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளில் பழையபடி மாற்றிவிடலாம். பத்து செ.மீ. என்ற எண்ணை மறந்துவிடு. முன்னால் ஆறு, பின்னால் ஐந்து. கண்ணுக்கு அது போதும்.

ஒன்று மட்டும் பார். டிராப் ஸ்பிண்டில் போட்டால் ரிம்மின் உள்பக்கத்துக்கும், கையையும் நக்கிளையும் சேர்க்கும் கீழ் பால் ஜாயின்ட்டுக்கும் இடைவெளி குறையும். உன்னுடையது 14 அங்குல ரிம். மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, விரலை விட்டுப் பார். பழைய ரிம்மில் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடை உரசும், அதையும் கவனி.

ஏப்ரல் 23

அட்ஜஸ்டர்தான் வேண்டும் என்று டொங்காட்டிலிருந்து இருவர் எழுதியிருக்கிறார்கள். சரி, வெல்டிங் தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

பீமை வண்டியிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பீட்டில் மாதிரி முன்பக்கம் பெட்ரோல் டாங்க் இல்லை, கோம்பிக்கு அது பின்னால்தான், அதனால் தீப்பயம் குறைவுதான். ஆனாலும் தலைக்கு மேல் படுத்துக்கொண்டு பற்றவைத்த தையல் நேராக வராது. கழற்றுமுன் பிரேக் குழாய், ஸ்டீயரிங் இழுதண்டு, ஒரு சக்கரத்தின் வழியாக வரும் ஸ்பீடோ கேபிள், இவற்றை விடுவிக்க வேண்டும். பழைய பிரேக் குழாய் நட்டு முறுக்கினால் குழாயோடு சேர்ந்து திருகிக்கொள்ளும். புதுக் குழாய் வாங்கி வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

பட்டைக்கட்டு இரண்டையும் உருவி, எண் போட்டு, வந்த வரிசையிலேயே கம்பியால் கட்டிவையுங்கள். குழாய்க்குள் இருக்கும் பழைய கிரீஸை முழுக்கத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றவைக்கும்போது புகைந்து தையலுக்குள் நுழையும். வெட்டுமுன் குழாயின் நீளத்துக்கு ஒரு நேர்கோடு கீறிவிடுங்கள். வெட்டிய பிறகு இரு பாதியும் எந்தக் கோணத்தில் சேர வேண்டும் என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. அட்ஜஸ்டரின் திருகை அதன் ஓட்டத்தின் நடுவில் வைத்து, முதலில் நாலு புள்ளி மட்டும் பற்றவையுங்கள். இப்போது பட்டைக்கட்டை உள்ளே விட்டுப் பாருங்கள். தடங்கலில்லாமல் போக வேண்டும். போகவில்லை என்றால் குழாய் வளைந்துவிட்டது, புள்ளிகளை வெட்டிவிட்டு மறுபடி. போகிறது என்றால் கட்டை வெளியே எடுத்துவிட்டு, எதிர் எதிர்ப் பக்கமாக, சின்னச் சின்னத் தையலாகப் போட்டு ஆறவிட்டு ஆறவிட்டு முடிக்க வேண்டும். பட்டை உள்ளே இருக்கும்போது முழுத் தையல் போடாதீர்கள். சூடு பட்டைக்குப் போகும்.

உங்கள் முன்சக்கரம் இரண்டும் அந்தத் தையலில்தான் நிற்கப் போகின்றன. வேலியும் கேட்டும் பற்றவைத்த அனுபவம் மட்டும் இருந்தால், வெட்டித் தயார் செய்து புள்ளி வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, சான்றிதழ் பெற்ற வெல்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஏப்ரல் 24

லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) இருக்கும் காலம் என்றால் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதித் தையலில் கரண்ட் போனால் குழாய் ஒரு பக்கம் மட்டும் சூடாகி அப்படியே ஆறி வளையும்.

மே 7

பின்பக்கம். இங்கேதான் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். முன்பக்கத்தில் தப்பு நடந்தால் காசு போகும், பின்பக்கத்தில் விரல் போகும்.

பின்னால் குறுக்குக் குழாய்க்குள் பக்கத்துக்கு ஒரு உருண்டைத் தண்டு, டார்ஷன் பார். உள்முனையிலும் வெளிமுனையிலும் பற்கள். வெளிமுனையில் ஸ்பிரிங் பிளேட் என்ற நீளத் தகடு மாட்டியிருக்கும், அதன் மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு போல்ட் போட்டிருக்கும். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதும் அந்தத் தகட்டில் முறுக்கு இருக்கும். கீழே ஒரு வார்ப்பு உதட்டில் அது உட்கார்ந்து நிற்பதால்தான் வெளியே தெறிக்காமல் இருக்கிறது.

வரிசை இப்படி. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வை, ஜாக்கை நம்பிக் கீழே படுக்காதே. ஷாக்கைக் கழற்று. தகடும் கையும் சேரும் இடத்தில் போல்ட் ஓட்டை நீள்வட்டமாக இருக்கும், தகடு கொஞ்சம் முன்பின் நகரும். அந்த இடத்தைத்தான் உளி வைத்துக் கோடு கீறிக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கும்போது சக்கரம் கோணலாக உட்காரும். போல்ட்டைக் கழற்றிக் கையைப் பின்னால் தள்ளு. தண்டின் வெளிமுனையை மூடும் மூடியின் நாலு போல்ட்டை எடுக்குமுன், தகட்டின் முனைக்குக் கீழே ஜாக் வைத்து, தகட்டையும் சட்டத்தையும் சுற்றி ஒரு கனமான சங்கிலி போட்டுக் கட்டு. பிறகு மூடியை எடு, ஜாக்கால் தகட்டைக் கொஞ்சம் உயர்த்து, நெம்புகோலால் உதட்டைத் தாண்டி வெளியே தள்ளு, ஜாக்கை மெதுவாக இறக்கு. தகடு முறுக்கெல்லாம் விட்டுக் கீழே தொங்கும். அந்த நேரத்தில் யாரும் அதற்கு நேராக நிற்கக் கூடாது. உன் கால் விரலும் அதற்குக் கீழே இருக்கக் கூடாது.

இப்போது தொங்கும் தகட்டின் கோணத்தை அளந்து எழுது. அதைத்தான் மாற்றப் போகிறோம். வெளிப்பல்லில் ஒரு பல் திருப்பினால் சக்கரம் சுமார் 5 செ.மீ. இடம் மாறும். உனக்கு அதுவே போதும். அதைவிடச் சின்ன அளவு வேண்டுமென்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறான் ஜெர்மன்காரன். உள்முனைப் பல்லும் வெளிமுனைப் பல்லும் எண்ணிக்கையில் வேறு. பீட்டிலில் உள்ளே 40, வெளியே 44. உள்ளே ஒரு பல் என்றால் 9 பாகை, வெளியே ஒரு பல் என்றால் 8 பாகைக்குக் கொஞ்சம் மேல். உள்ளே ஒரு பக்கம் ஒன்று, வெளியே எதிர்ப்பக்கம் ஒன்று திருப்பினால் முக்கால் பாகைக்குக் கொஞ்சம் மேல் மட்டும் மாறும். உன் கோம்பித் தண்டின் பற்களை நீயே எண்ணிக்கொள், 360ஐ அதால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். 1930களில் போட்ட யோசனை, இன்றைக்கும் ஒரு சென்டிமீட்டருக்குள் உயரத்தைச் சரிசெய்ய முடிகிறது. எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

மே 8

கோணம் அளப்பது பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தரையை வைத்து அளக்காதீர்கள். பின்பக்கம் ஸ்டாண்டில் தூக்கி இருப்பதால் வண்டியே சாய்ந்திருக்கிறது. பக்கக் கதவின் அடிப்படியில் கோணமானியை வைத்து முதலில் ஒரு அளவு, தகட்டில் ஒரு அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எண்.

தகட்டின் ரப்பர் புஷ்ஷுக்கு எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். டால்கம் பவுடர் போதும். மூடியைத் திரும்பப் போடும்போது புது ரப்பர் தடிமனாக இருந்து போல்ட் எட்டாது. எதிரெதிரே இரண்டு நீள போல்ட் போட்டு இழுத்து, மற்ற இரண்டு ஓட்டையிலும் உரிய போல்ட்டைப் போட்டு, பிறகு நீளத்தை எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

மே 21

தம்பியின் வண்டி இரு பக்கமும் இறங்கிவிட்டது. வாழ்த்துகள். அவர் அம்மா "இனி ஏறும்போது பாவாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்" என்றாராம். முழங்கால் வலி இருப்பவர்களுக்குத் தாழ்ந்த வண்டி நல்லதுதான், அது என் மனசில் வந்ததே இல்லை.

இனி டயர். "முன்னால் ஒல்லியான கார் டயர் போடலாமா" என்ற கேள்விக்கு: ஒல்லியாக இருக்கலாம், கார் டயராக இருக்கக் கூடாது. ஆலையில் இந்த வண்டிக்கு வந்தது 185ஆர்14சி. அந்த 'சி' சரக்கு வண்டி டயர் என்பதற்கு. டயரின் சுவரில் சுமை எண் இருக்கும். 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். சின்னக் காருக்குப் போடும் 79 என்றால் 437 கிலோதான், ஜோடிக்கு 874. ஆள் ஏறிய கோம்பி இரண்டு டன்னைத் தாண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று அந்த டயரைப் போட்டுக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் பக்கம் இறங்காதே.

அடுத்த நாள் சேர்க்கை: ஃபீல்ட்ஸ் ஹில் இருப்பது எம்13-இல், என்3-யில் இல்லை. பைன்டவுன்காரர் ஒருவர் சொன்னார். மலை அதே மலை, பயமும் அதேதான்.

ஷாக்: முன்பக்கம் டிராப் ஸ்பிண்டில் போட்டவருக்குப் பழைய நீளமே சரி, ஏனென்றால் கை நகரவில்லை. அட்ஜஸ்டர் போட்டவர்களுக்குக் குட்டை ஷாக் கட்டாயம். பின்பக்கம் ஒரு பல்லுக்குப் பழைய ஷாக் சில நேரம் போதும், ஆனால் மார்ச் 26 அன்று சொன்ன தண்டு நீளத்தைப் பார்த்து முடிவு செய். பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் முழுக்கத் திருப்பிய நிலையில் டயரில் படுகிறதா என்று பார். ஹெட்லைட்டின் குறியையும் மாற்ற வேண்டும்.

ஜூன் 4

தம்பி: "அண்ணா, என்2 நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது காற்றடித்தால் வண்டி அலைகிறது. முன்னால் இப்படி இல்லை."

அளவு கேட்டேன். முன்பக்கம் பின்பக்கத்தைவிட இரண்டு செ.மீ. அதிகமாக இறங்கியிருக்கிறது. மூக்கு தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டீயரிங்கைத் தானாக நேரே திருப்பிவிடும் குணம் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. கோம்பிக்குப் பக்கச் சுவர் பெரியது, காற்று பிடித்துத் தள்ளும், திருப்பும் குணமும் குறைந்தால் நீ ஓயாமல் கையால் திருத்திக்கொண்டே போக வேண்டும். பின்பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கு. இங்கேதான் உள்பல், வெளிப்பல் கணக்கு உதவும். வண்டி சமமாக நிற்கட்டும். அதற்குப் பிறகு அலைன்மென்ட். கொஞ்ச நாள் ஓடி ஸ்பிரிங் பதிந்த பிறகு போ, இறக்கிய அன்றே போவது வீண். முன் டோ (சக்கரங்கள் உள்ளோ வெளியோ பார்த்து நிற்பது), பின் கேம்பர் (மேல்பக்கச் சாய்வு), பின் டோ, மூன்றையும் பார்க்கச் சொல். "பழைய வண்டி, பின்பக்கம் பார்க்க முடியாது" என்று சொல்லும் கடை என்றால் வேறு கடைக்குப் போ.

ஜூன் 17

வெருலம் அக்கா ஒருவர்: "தம்பி, எங்களிடம் 2.6 லிட்டர் மைக்ரோபஸ் இருக்கிறது. மகன் ஸ்பிரிங்கை கிரைண்டரில் ஒரு சுற்று வெட்டுகிறேன் என்கிறான். விடலாமா?"

அக்கா, உங்கள் வண்டி அடுத்த தலைமுறை. ஐந்து சிலிண்டர் எஞ்சினைப் போட்டு நம் நாட்டில் 2002 வரை செய்தார்கள், ஜெர்மனியில் நிறுத்திப் பல வருடம் கழித்தும். இதில் முறுக்குத் தண்டு கிடையாது, நாலு பக்கமும் சுருள் ஸ்பிரிங். மேலே எழுதிய பீம், பல் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. சுருளை வெட்டினால் முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது இடம் மாறிவிடும். வெட்ட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். இந்த வண்டிக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங், ஆலை ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் பலம் கூடியது, செட்டாகக் கிடைக்கும். சுருள் ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி இல்லாமல் முன்பக்கத்தைத் தொட வேண்டாம். ஆசை கெடாமல் இருக்க மூன்று, நாலு செ.மீ. போதும். அந்த எஞ்சினோடு அவன் வேகமாகவும் போவான்.

ஜூலை 9

ரோட்வொர்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வண்டி கை மாறும்போது சோதனைக்குப் போக வேண்டும். பரிசோதகர் பார்ப்பது ஸ்டீயரிங் தளர்வு, டயர் எங்கேயாவது உரசுகிறதா, பிரேக் குழாய், பற்றவைத்த இடத்தின் தரம், விளக்கின் குறி. ஒழுங்காகச் செய்த வண்டிக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. தையலைப் புட்டி போட்டு மூடாதீர்கள், திறந்து காட்டுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு மாற்றம் தெரிந்தால் பணம் தரத் தயங்குவார்கள்.

ஜூலை 23

ஆடி பிறந்துவிட்டது, கோவில் கோவிலாகக் கூழ். தம்பி குடும்பத்தோடு மவுண்ட் எட்ஜ்கோம்பு போய் வந்தாராம். வண்டியில் எட்டுப் பேர், பின்னால் இரண்டு அண்டா. வேகத்தடையில் ஒரு இடத்தில் மட்டும் லேசாகத் தட்டியதாம். காற்றில் அலைவது நின்றுவிட்டதாம். கடைசியாக ஒரு கேள்வி: "அண்ணா, முன்னால் இன்னும் மூன்று செ.மீ. இறக்கலாமா? அட்ஜஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது."

எங்கே தட்டியது என்று முதலில் பார். பின்பக்க ரப்பர் தடையில் புதுசாக மழுங்கிய அடையாளம் இருந்தால், எட்டுப் பேரும் அண்டாவும் சேர்ந்து உன் பின் ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். முன்பக்கத்தை இன்னும் இறக்கினால் பின்பக்கத்தையும் கூடவே இறக்க வேண்டும், ஜூன் 4 அன்று பார்த்தோமே. பின்பக்கத்தில் இறக்க இடம் இல்லை. அதனால் வேண்டாம். அந்தக் காசுக்கு முன் பால் ஜாயின்ட் நாலையும் மாற்று, உன் படத்தில் இடதுபக்க மேல் ரப்பர் கிழிந்திருக்கிறது.